பாஸ் ஆகாத கார்

முதல் நாள் எண்ணியபோது காரில் நாற்பத்தேழு குறைகள் இருந்தன. மேஜர் பதினான்கு, மைனர் முப்பத்து மூன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது கார் தெரியவில்லை, ஸ்டிக்கர்தான் தெரிந்தது.

இந்த ஸ்டிக்கரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் ட்யூப் லைட் போட்ட மேஜையில் விரித்துப் பார்ப்போம். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று எது கண்ணில் பட்டாலும் அதைக் காட்டும்படி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர். சரிசெய்தபின் அதை எடுப்போம். ஸ்டிக்கர் இருக்கும்வரை அந்தப் பீஸ் பாஸ் ஆகாது, பெட்டிக்குள் போகாது. முப்பத்தொரு வருடம் நான் இந்த வேலையைத்தான் செய்தேன். செக்கராகச் சேர்ந்து செக்கிங் பகுதிக்கே பொறுப்பாளனாகி ஓய்வு பெற்றேன். எனக்குக் கீழே ஒரு சமயம் அறுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். என் கையைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கார் என் மகனுடையது. ரேடியோ ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், ஒரு முழ நீளம். அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பனியன் வாங்க ஜெர்மனியிலிருந்து வந்த பையர் ஒருவர் முதலாளியின் மகனுக்கென்று கொண்டுவந்தார். முதலாளி வீட்டில் அதே போல் ஒன்று ஏற்கெனவே இருந்ததால் இது என் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக்கு அவனைக் கூட்டிப்போவேன். ஆளில்லாத கட்டிங் ஹாலில் மேஜைகளுக்கு நடுவே ஓட்டுவான். இரண்டு வருடம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. லாஃப்ட்டில் ஏற்றினோம்.

அதை இந்த வருடம் கீழே இறக்கியதற்குக் காரணம் அவனுடைய இடது கட்டைவிரல்.

மகனுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒரு ஷிப்மெண்ட் நாளன்று மாடிப்படியில் ஏறும்போது ஆறாவது படியில் சரிந்தான். மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. அன்றிலிருந்து நான் நாட்களை எண்ணுகிறேன். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு அழுகை வரவில்லை. மருமகள் அழுதாள். நான் கூரையில் இருந்த சதுரங்களை எண்ணினேன். எண்பத்து நான்கு. மறுநாள் எண்ணியபோதும் எண்பத்து நான்குதான். ஆறு வருடத்துக்கு முன்பு என் மனைவி இறந்தபோதும் இப்படித்தான் இருந்தேன். வந்தவர்கள் என்னைத் திடமான ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“கை எப்படீடா இருக்குது?” என்று மகனிடம் கேட்டேன்.

“என்ற கை மாதிரியே இல்லீங்ப்பா. பக்கத்துல வேற யாரோ படுத்திருக்கற மாதிரி இருக்குது.”

கால் ஓரளவு வந்தது. கோல் ஊன்றிக் குளியலறை வரை பதினெட்டு அடி நடப்பான். கை வரவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவை ஏற்பாடு செய்தோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், திருப்பூருக்கு வந்து பத்து வருடமாகியும் பேச்சு மாறவில்லை. பத்து மணி என்று சொன்னால் பத்து மணி பதினோரு நிமிடத்துக்கு வருவார். அதை நான் சொன்னால் சிரிப்பார்.

முப்பத்தெட்டாம் நாள் அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

“கட்டவிரல் வந்தாத்தான் ஐயா கை. மத்த நாலும் வந்து என்ன செய்ய? டம்ளரப் பிடிக்கணும், சட்டைக்குப் பட்டன் போடணும், எல்லாத்துக்கும் அவன்தான் முதலாளி. முதல் ஆறு மாசத்துலதான் வேகமா வரும். அதுக்குப் பொறவு வந்தாலும் ரொம்ப மெதுவாத்தான் வரும். நானும் பந்தைக் குடுக்கேன், களிமண்ணக் குடுக்கேன், இவங்களுக்கு மனசே இல்ல. பிடிச்ச சாமான் ஏதாவது உண்டா?”

மகன் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள்தான் சொன்னாள். “காருங்க. ரிமோட் காரு. கண்ணாலமான புதுசுல ஊட்டுக்கு வர்றவங்ககிட்டெல்லாம் அதயேதான் பேசுவாருங்க. லாஃப்ட்ல கெடக்குது.”

அந்த ரிமோட்டில் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. இடது கட்டைவிரலால் மேலே தள்ளினால் கார் முன்னால் போகும், கீழே இழுத்தால் பின்னால் வரும். வலது கட்டைவிரல் திருப்புவதற்கு. இதைக் கேட்டதும் அந்த அம்மா கையைத் தட்டினார்.

“ஐயா, அத மட்டும் ஓட வச்சுக் குடுங்க. நான் கொண்டு வந்த பந்தையெல்லாம் தூக்கிப் போட்டுருதேன்.”

நூற்றெண்பதில் முப்பத்தெட்டு போக நூற்று நாற்பத்திரண்டு நாள் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

எங்கள் மாடியறையில் மகன் கொஞ்ச காலம் செக்கிங் ஜாப் ஒர்க் எடுத்து நடத்தினான். அந்த மேஜையும் அதற்கு மேலே இரண்டு ட்யூப் லைட்டும் அப்படியே இருந்தன. நாற்பதாம் நாள் காரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அறுபத்து மூன்று ஸ்குரூ கழற்றினேன். கியர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல் சக்கரமே தெரியவில்லை, பஞ்சு. கட்டிங் ஹாலில் தரையில் கிடக்கும் துணித் தூசியைச் சக்கரம் இழுத்து இழுத்து உள்ளே அடைத்து, அது கெட்டிப்பட்டுக் கம்பளிபோல் ஆகியிருந்தது. நேவி ப்ளூ. நடுவில் கொஞ்சம் மெரூன். எந்த ஆர்டரின் துணி என்றுகூட எனக்குத் தெரிந்தது. நூல் வெட்டும் ட்ரிம்மரின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தேன். ரிமோட்டுக்குள் எட்டு பேட்டரிகள் கசிந்து பச்சை பூத்திருந்தன. அதையும் ட்ரிம்மரால்தான் சுரண்டினேன். பல் சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய். மோட்டாரில் அறுந்திருந்த இரண்டு ஒயர்களுக்குப் பதில் புதிதாகக் கறுப்பு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டுமே கறுப்பு, வீட்டில் இருந்தது அதுதான்.

ஒரு தப்பும் செய்தேன். காரின் மேல்கூடு பிளாஸ்டிக். அதில் ஒரு எண்ணெய்க் கறை. கம்பெனியில் கறை எடுப்பதற்குத் துப்பாக்கி போன்ற கன் ஒன்று உண்டு. விசையை அழுத்தினால் ஒரு திரவம் ஊசிபோல் பாய்ந்து துணியிலுள்ள கறையை அடித்துக்கொண்டு போய்விடும். பக்கத்துத் தெரு யூனிட்டில் அதை இரவல் வாங்கிவந்து கூட்டின் மேல் அடித்தேன். கறை போயிற்று. அதோடு மஞ்சள் பெயிண்டும் போயிற்று. ஐந்து இடத்தில் பிளாஸ்டிக் பால்போல் வெளுத்துப் பொரிந்துவிட்டது. திருப்பூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றியிருக்காது. ஐந்து புது ஸ்டிக்கர் ஒட்டினேன். மொத்தம் ஐம்பத்திரண்டு.

தினமும் சாயங்காலம் கீழே இறங்கி மகனிடம் எண்ணிக்கை சொல்வேன்.

“இன்னைக்கி முப்பத்தேழு.”

“சரிங்ப்பா.”

“நாளைக்கி ரெண்டு கொறஞ்சுரும்.”

“சரிங்ப்பா.”

அவன் இடது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருப்பார்கள். விரல்கள் உள்ளே மடங்கியிருக்கும், கட்டைவிரல் அவற்றுக்கு அடியில். நான் எண்ணிக்கை சொல்லிவிட்டு மேலே போய்விடுவேன். மருமகள் ஒருநாள் பெருக்கும்போது என் ஸ்டிக்கர் ரோலை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். அதற்கு நான் போட்ட சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. அவள் அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எழுபத்தோராம் நாள் பகல் பதினொன்றரைக்குக் கார் ஓடியது. ஓடியது என்றால் சக்கரம் சுற்றியது. இரண்டு நூல் கோன்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் காரை நிறுத்தியிருந்தேன். சக்கரங்கள் தரையில் படாது. புது பேட்டரியை மாட்டி நெம்புகோலை அசைத்தேன். நான்கு சக்கரத்தில் பின்னால் இருந்த இரண்டும் சர்ரென்று சுற்றின. எண்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். மேஜர் பதினான்கும் முடிந்துவிட்டது. மைனரில் இருபத்திரண்டு பாக்கி.

கீழே போய்ச் சொல்லவில்லை.

இதை எழுதும்போதும் அதற்கு ஒரு காரணம் தேடிப் பார்க்கிறேன். பாஸ் ஆகாத பீஸை அனுப்பிப் பழக்கமில்லை என்பது ஒன்று. அது உண்மைதான். மேலே இருந்தால் அந்தக் கையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மகனிடம் “இருபத்திரண்டு” என்றேன். “சரிங்ப்பா” என்றான்.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்றால், ஸ்குரூவின் தலை நான்கு வெள்ளை, மற்றவை கறுப்பு என்று இருந்ததால் கறுப்பு ஸ்குரூ வரவழைக்கப் பதினோரு நாள் காத்திருந்தேன். பொரிந்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். பழைய மஞ்சளுக்கும் புது மஞ்சளுக்கும் ஷேட் சேரவில்லை. மறுபடி தேய்த்தேன். மூன்று முறை. ஆர்டருக்கு ஷேட் பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, ட்யூப் லைட்டில் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். டயரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. பசை தடவிக் காயவைத்தேன்.

நூற்று முப்பத்திரண்டாம் நாள் பிசியோ அம்மா கை கழுவிவிட்டு வாசலில் என்னை நிறுத்தினார். மருமகளும் பக்கத்தில் இருந்தாள். மகன் உள்ளே ஹாலில்.

“ஐயா, நாலு மாசம் தாண்டிட்டு. காரு என்னாச்சு?”

“இன்னும் ஒம்பது இருக்குதுங்க.”

“ஒம்பது காரா?”

“கொறைங்க. மைனர்தான்.”

“சக்கரம் சுத்துதா?”

“சுத்துதுங்க.”

“ரிமோட்டு?”

“அதும் வேலை செய்யுதுங்க.”

“எப்பமிருந்து?”

“கொஞ்ச நாளாத்தானுங்க,” என்றேன். எதைக் கேட்டாலும் எண்ணைச் சொல்லும் நான் கொஞ்ச நாள் என்று சொன்னேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். “ஏனுங் மாமா, ஓடற காரை மேல வெச்சுத் தொடச்சுட்டு இருக்கறீங்ளா? இதென்ன ஷிப்மெண்ட்டுக்குப் போற பீஸுங்ளா?”

“இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிக்கோணும் கண்ணு. டயர்ல வெடிப்பு...”

“எங்க ஊட்டுக்காரர் என்ன, டயருக்கா ஏங்கிப்போய்க் கெடக்கறாரு? நல்ல கெரகமுங்க இது!”

பதினேழு படியையும் ஒரே மூச்சில் ஏறிப்போய்க் காரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். “கூட்டைப் புடிக்காத, பெயிண்ட் காயல” என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மகன் காரைப் பார்த்தான். மஞ்சள் கூட்டின்மேல் ஒன்பது சிவப்பு ஸ்டிக்கர்.

“என்னங்ப்பா, இதுக்கு அம்மை வாத்திருக்குது?” என்றான்.

நூற்று முப்பத்திரண்டு நாளில் அவன் சொன்ன முதல் கேலி அது. பிசியோ அம்மா சிரித்துவிட்டார். நான் ஸ்டிக்கர் ஒவ்வொன்றும் எதற்கென்று விளக்கத் தொடங்கினேன். “பொறவு சொல்லலாம்யா” என்று நிறுத்தினார்.

மகனைச் சோபாவில் உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் ரிமோட்டை வைத்தார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டைச் சுற்றிப் பிடிக்கவைத்தார். கட்டைவிரலை எடுத்து நெம்புகோலின்மேல் வைத்தார். காரைத் தரையில் விட்டாள் மருமகள்.

“தள்ளுங்க அண்ணாச்சி. மேல. கொஞ்சூண்டு.”

விரல் அசையவில்லை. அவன் நெற்றி வியர்த்தது. உதட்டைக் கடித்தான். நான்கு நிமிடம். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் அவன் மூச்சை விட்டுத் தளர்ந்தான். தளர்ந்ததும், தூக்கத்தில் மடங்குவது போலவே கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. நெம்புகோல் கீழே வந்தது. கார் சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்து, ஏழு டைல்ஸ் கடந்து, டிவி ஸ்டாண்டில் முட்டி நின்றது.

“இழுத்தா பின்னாலதான வரோணும்!” என்று கத்தியது நான்.

மோட்டாரின் இரண்டு கறுப்பு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். முன்னுக்குப் பின், பின்னுக்கு முன். ஐம்பத்திரண்டு குறை பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. கோன்மேல் வைத்துச் சக்கரம் சுற்றுவதைத்தான் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. அறுபத்தொரு நாளில் ஒருமுறைகூட அதைத் தரையில் விட்டதில்லை.

நான் டிவி ஸ்டாண்டுப் பக்கம் போனேன். “அஞ்சே நிமிசமுங்க. ஒயரை மாத்தி வெச்சுட்டு...”

“ஐயா, நில்லுங்க. அதத் தொடாதீங்க.”

“இது மேஜருங்க!”

“மேஜரோ கலெக்டரோ, அங்கனயே கெடக்கட்டும்.” பிறகு பொறுமையாகச் சொன்னார். “மடக்குதது தானா வந்துரும்யா. அது இவங்க கேட்டு வாறது இல்ல. விரிச்சுத் தள்ளுததுதான் வர மாட்டேங்கு. இப்ப காரு தானாப் போயிட்டு. திரும்பி வரணும்னா இவங்கதான தள்ளணும்?” மகனின் பக்கம் திரும்பினார். “அனுப்பி வச்சாச்சுல்லா? இப்ப கூப்பிடுங்க பாப்போம்.”

மகன் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மூக்கை டிவி ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். நூறு. இருநூறு. மருமகள் அடுப்பை அணைக்கப் போய்த் திரும்பி வந்தாள். முந்நூற்று நாற்பதை ஒட்டி எண்ணியபோது, ரிமோட்டின்மேல் இருந்த கட்டைவிரலின் முதல் கணு நிமிர்வது தெரிந்தது. ஒரு அரிசி அளவு. மோட்டார் ஒருமுறை முனகியது. கார் பின்னால் நகர்ந்து நின்றது.

“அரை டைல்ஸ்தானுங்,” என்றான் மகன். மூச்சு வாங்கியது.

மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிசியோ அம்மா அவன் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. டயரில் நான் பசை தடவிய இடம் தரையில் உரசி விட்டுப்போயிருப்பதைத்தான் பார்த்தேன்.

ஒயரை மாற்றவில்லை. பந்துகள் போய்விட்டன. தினமும் காலையும் மாலையும் அவன் காரை அனுப்புவான், கூப்பிடுவான். கார் கைக்கு வந்த பத்தாம் நாள் இரண்டு டைல்ஸ். இருபதாம் நாள் நான்கு. பிறகு அதிலேயே நின்றது. நூற்றெண்பதாம் நாளும் வந்து போயிற்று. இப்போது காலியான பிளாஸ்டிக் டம்ளரை இடது கையால் பிடிப்பான். தண்ணீர் ஊற்றினால் நழுவும். பட்டன் போட வரவில்லை.

நூற்றெண்பது முடிந்த வாரம் பிசியோ அம்மா சமையலறையில் மருமகளிடம் சொன்னது மாடிப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. “நல்லா வாற விரலு. இன்னும் ரெண்டு மாசம் முன்னால ஆரம்பிச்சிருந்தா பட்டனும் போட்டிருப்பாங்களோ என்னமோ.” மருமகள் ஏதோ பதில் சொன்னாள். அது கேட்கவில்லை. அதன்பிறகும் அவள் என்னிடம் முகம் மாறாமல்தான் சோறு போட்டாள்.

போன வாரம் மத்தியானம் ஹாலில் நானும் மகனும் மட்டும் இருந்தோம். கார் மூன்றாவது டைல்ஸில் நின்றுகொண்டிருந்தது. அவன் ரிமோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஏனுங்ப்பா, இது மேல எப்ப ஓட ஆரம்பிச்சுதுங்?”

கொஞ்ச நாள் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“எழுவத்தொண்ணாம் நாளு,” என்றேன்.

“என்ற கைக்கு வந்தது?”

“நூத்தி முப்பத்திரெண்டு.”

உதடு அசையக் கணக்குப் போட்டான். அவனும் என்னைப் போலத்தான், வாய்விட்டுக் கழிப்பான்.

“அறுவத்தொண்ணுங்ளா,” என்றான்.

“ஆமாஞ்சாமி.”

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வலது கையால் இடது கையைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டு நெம்புகோலைத் தள்ளினான். விரல் நிமிர்ந்தது. கார் வரவில்லை. மறுபடி தள்ளினான்.

“பேட்டரி தீந்துருச்சுங்ப்பா. மாத்தி உடுங்.”

காரை எடுத்துக் கவிழ்த்தேன். மூடியின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றி, சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு மூடி, அவன் காலடியில் வைத்தேன். முதல் டைல்ஸிலிருந்து அனுப்பினான்.